மாட்டுக்குப் பக்கத்தில், தற்செயலாக

அன்று மாலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நாங்கள் நால்வரும் கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளைக்கு ஒரு ரோடியோ திருவிழாவுக்குப் போனோம். மழை எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.
2. சந்திப்பதற்காகப் போன குடும்பத்தை உள்ளே நுழைந்ததுமே கண்டோம்.
3. காணாதவர்கள் போல நின்றோம்.
4. அவர்களும் எங்களைக் கண்டார்கள். அவர்களும் காணாதவர்கள் போல நின்றார்கள்.
5. அப்பா ஒரு கவ்போய் தொப்பி வாங்கினார்.
6. அம்மா மழைக்குக் கட்டிய ஒரு தறப்பாளின் கீழ், யாரென்று நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணோடு, யாரென்று தெரியாதவர் போல நெடுநேரம் கதைத்தார்.
7. ஒருவர் மாட்டிலிருந்து விழுந்தார்.
8. அக்காவும் விழுந்தாள்.

நான் மென்பொருள் சோதிப்பவள். ஏதாவது பிழைத்துப்போனால், என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்று பிரித்து எழுதுவது என் தொழில். மேலே இருப்பது நடந்தது. எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அக்கா ஒரு கேள்வி கேட்பாள், அதற்கு ஒரு பதில் கிடைக்கும்.

அக்கா களுபோவில ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். வார்டுகளிலிருந்து வரும் இரத்த மாதிரிகளைப் பரிசோதித்து முடிவு சொல்லும் வேலை. மாதத்தில் பாதி இரவு டியூட்டி. அவளுக்கு இரவுதான் பிடிக்கும். ஆட்கள் குறைவு, தொலைபேசி குறைவு, அவசரமானது மட்டும்தான் வரும் என்பாள். வீட்டுக்குள் இது ஒரு பிரச்சினையே இல்லை. வெளியிலிருந்து யாராவது அவளைப் பெண் கேட்டு வரும்போதுதான் பிரச்சினையாகும்.

முதலாவது சம்பந்தம் வெள்ளவத்தையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் பேசப்பட்டது. பேசப்பட்டது என்று சொல்லக்கூடாது. நாங்கள் சாப்பிடப் போனோம், பக்கத்து மேசைக்கு அவர்கள் தற்செயலாக வந்தார்கள். கொழும்பில் எங்கள் ஆட்கள் இப்படித்தான் செய்வார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரு பக்கமும் முகம் கொடுக்க முடியாது. ஆகவே கோயிலிலோ கடையிலோ தற்செயலாகச் சந்திப்பது. சாதாரண கிழமை நாளில் வடை சாப்பிடுவதற்குப் பட்டுச் சேலை ஏன் என்று கேட்கப் பரிமாறுபவருக்குக்கூடத் தோன்றாது. அவர் தினமும் பார்க்கிறார். அன்று மாப்பிள்ளையின் தாய், "கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை வேலையை விடலாம் தானே" என்றார். இரண்டாவது சம்பந்தம் கோயிலில். அவர்கள் இன்னும் மரியாதையானவர்கள். "பகல் வேலைக்கு மாறேலாதோ பிள்ளை?" என்று மூன்று விதமாகக் கேட்டார்கள்.

மூன்றாவது ஒன்று வந்தபோது அக்கா இரண்டு நிபந்தனை வைத்தாள். ஒன்று, கோயில் வேண்டாம், சாப்பாட்டுக் கடை வேண்டாம், பட்டுச் சேலை வேண்டாம். இரண்டு, ஜாதகத்துக்கு முன்பே இரவு வேலையைப் பற்றி அவளே கேட்பாள். பழைய பதிலே வந்தால் இந்த வீட்டில் இனிக் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று அப்பா கேட்டார்.

"முழுக்காலத்துக்கும்."

அம்மா கொஞ்சம் அழுதுவிட்டுச் சம்மதித்தார். தன் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எங்கே சந்தித்தாலும் அது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அக்காவோடு வேலை செய்யும் ஒரு தாதி. அவருடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அந்தக் குடும்பம். தாயும் மகனும் மட்டும். மகனுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் வேலை. சொந்த இடம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், மகன் பிறக்கும் முன்னமே வத்தளைக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் தங்கிவிட்டவர்கள். வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மா இதைக் கேள்விப்பட்டு அப்பாவுக்குப் போன் எடுத்தார். "உங்களுக்கு எங்கட பக்கத்தில ஆள் கிடைக்கேல்லையோ?" என்று தொடங்கினார். "மழைக்கு லைன் சரியில்லை அக்கா" என்று அப்பா போனை வைத்தார். அன்று மழை பெய்யவில்லை.

வத்தளையில் ஒரு மைதானத்தில் ரோடியோ திருவிழா நடக்கிறது, கூட்டம் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தாதி சொன்னார். நடுவில் ஓர் இயந்திர மாடு இருக்குமாம். மாட்டுக்குப் பக்கத்தில், ஆறு மணிக்கு.

ரோடியோ என்றால் என்ன என்று அம்மா காரில் கேட்டார். அமெரிக்காவில் மாட்டின் மேல் ஏறி விழாமல் இருக்கிற போட்டி என்று நான் சொன்னேன். "விழாமல் இருக்கோணுமெண்டா ஏறாமல் இருக்கலாமே" என்றார் அம்மா. முன் இருக்கையில் அப்பா மெதுவாக ஏதோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். "அட, இதென்ன, நீங்கள் இவடத்தில?" பிறகு இன்னொரு தொனியில், "அட, நீங்களோ, எதிர்பார்க்கவே இல்லை." ஓட்டுநர் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவைக் கூட்டினார்.

மைதான வாசலில் அட்டையில் செய்த இரண்டு மாட்டுத் தலைகள். ஒன்றின் கொம்பு மழையில் ஊறி மடிந்து காதாகிவிட்டிருந்தது. உள்ளே வைக்கோல் கட்டுகளை ஆசனம் போல அடுக்கியிருந்தார்கள். அவை நனைந்து மாட்டுத் தொழுவ வாசனை வந்தது. அந்த இடத்தில் மாட்டுக்குரிய உண்மையான விஷயம் அது ஒன்றுதான். மேடையில் நான்கு பேர் முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு சிங்கள பைலாப் பாட்டுப் பாடினார்கள். இரண்டு குட்டைக் குதிரைகள் கண்களை மூடிக்கொண்டு மழையில் நின்றன. அவித்த சோளம் விற்பவர் தொப்பி மட்டும் கவ்போய், இடுப்பில் கட்டியிருந்தது சாரம்.

மாடு ஒரு பெரிய கூடாரத்தின் கீழ் காற்று மெத்தை நடுவே இருந்தது. கூடாரத்துக்கு வெளியே, இந்தப் பக்கம் நாங்கள் குடையோடு போய் நின்றோம். அந்தப் பக்கம் அவர்கள் நின்றார்கள். தாய் நீலச் சேலை, மகன் கண்ணாடி போட்டவர், ஒரே குடை. படத்தில் பார்த்த அதே முகங்கள். எங்கள் படமும் அவர்களிடம் இருந்தது.

அப்பா உடனே குதிரைப் பக்கம் திரும்பினார். "பாக்காதேங்கோ. அந்த ஆக்கள் பாக்கட்டும்."

"அவை பாத்திட்டினம்" என்றார் அம்மா.

"பாத்திட்டினம் எண்டா வரட்டும். மாப்பிள்ளை வீடுதான் முதல் கதைக்க வேணும்."

"இந்த மழைக்குள்ள எப்பிடி வாறது?"

"நாங்கள் வந்தனாங்கள் தானே."

அவர்கள் வரவில்லை. நாங்களும் போகவில்லை. ஒரு கிரிக்கெட் பிட்ச் அளவு தூரம்கூட இல்லை. நாங்கள் மாட்டைப் பார்த்தோம், அவர்கள் மாட்டைப் பார்த்தார்கள். யார் யாரோ ஏறினார்கள், விழுந்தார்கள். ஒவ்வொருவர் விழும்போதும் இரண்டு பக்கமும் சிரித்தோம், சிரிப்பு முடியும் இடத்தில் கண்கள் சந்திக்கப் பார்த்து விலகின. அவர்கள் சோளம் வாங்கப் போனபோது, வருகிறார்கள் என்று நினைத்து அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்தார். அப்பா தேத்தண்ணி வாங்கப் போனபோது அந்தத் தாயும் அதையே செய்தார். அப்பா தேத்தண்ணி இல்லாமல், தலையில் ஒரு கவ்போய் தொப்பியோடு திரும்பி வந்தார். குடை மூன்றுதான், நாங்கள் நால்வர், ஆகவே தொப்பி என்று விளக்கினார்.

"நான் போய்க் கதைக்கட்டோ?" என்றாள் அக்கா.

"வேண்டாம்" என்று மூவரும் ஒன்றாகச் சொன்னோம். நானும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

"அப்ப நான் மாட்டில ஏறப் போறன்."

"விழுந்தா?" என்றார் அம்மா.

"விழுத்தத்தானேம்மா அந்த மாட்டை வச்சிருக்கினம்."

அவள் போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்து, தாயின் குடையை விட்டுவிட்டு, அவர் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது. சாரல் கூடாரத்துக்குள் அடித்தது. பக்கத்தில் ஒதுங்க இருந்தது ஒரே இடம், சோளக்காரரின் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த தறப்பாள். அம்மாவும் நானும் ஒரு பக்கத்தால் ஓடினோம். மறுபக்கத்தால் நீலச் சேலை ஓடி வந்தது. தறப்பாளின் கீழ் மூன்று பேருக்குத்தான் இடம் இருந்தது. அப்பா குதிரைகளோடு நின்றார்.

இனிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் யார் முதலில் கண்டுகொள்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அம்மா அதற்கு ஒரு வழி கண்டார்.

"நல்ல மழை."

"ஆமாங்க. நாலஞ்சு நாளா இதே மழதான்."

"கன தூரத்தில இருந்தோ வந்தனீங்கள்?"

"இல்லங்க, இந்தா பக்கத்துலதான். நீங்க?"

"கொட்டாஞ்சேனை."

"ஓ" என்றார் அவர், இப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல. எங்கள் வீட்டு இலக்கம் அவருக்குத் தெரியும்.

"தனியவோ?"

"மகன் வந்திருக்காரு. அந்தா, மாட்டுக்கிட்ட. இது ஒங்க புள்ளைங்களா?"

"இவ சின்னவ. மூத்தவ மாட்டடியில."

இருவரும் மாட்டடியைப் பார்க்காமல் சோளப் பானையைப் பார்த்தார்கள். நான் இருவருக்கும் நடுவில் நின்று குடையை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தேன்.

"மகனுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?" என்று அம்மா கேட்டார். எனக்குப் புரைக்கேறியது.

"இல்லங்க. இப்பதான் ஒரு எடம் பாக்கிறோம்."

"அப்பிடியோ. ஆர் ஆக்கள்?"

"ஒங்க பக்கத்து ஆளுங்கதான், யாழ்ப்பாணம். நல்ல குடும்பம்னு சொன்னாங்க. நான் இன்னும் பாக்கல."

"நல்ல ஆக்களாத்தான் இருப்பினம்."

"அப்பிடித்தாங்க நானும் நெனைக்கிறேன். புள்ள ஆஸ்பத்திரியில வேல. நைட் டியூட்டியெல்லாம் இருக்காம்."

மழை தறப்பாளில் தேங்கி நடுவில் தொய்ந்தது. சோளக்காரர் ஒரு கம்பால் கீழேயிருந்து குத்த, தண்ணீர் ஒரு வாளி அளவு பின்னால் கொட்டியது. பிறகு அம்மா, நான் அவரிடம் எப்போதும் கேட்டிராத ஒரு குரலில் கேட்டார். "அது உங்களுக்குச் சம்மதமோ? நாளைக்கு அக்கம்பக்கத்தில ஒரு கதை கதைப்பினம்."

"பேசுனா பேசிட்டுப் போறாங்க" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரரு போனப்புறம் நான் வருஷக் கணக்கா துணி தைக்கிற காமன்ட் பெக்டரியில நைட் ஷிப்ட் பாத்தேங்க. பேசுனாங்கதான். பேசுனவங்க ஒருத்தரும் எம் புள்ளைக்கு ஸ்கூலுக்கு ஒரு கொப்பி வாங்கிக் குடுக்கல. நைட் வேலன்னா நைட் வேல. அதுல என்னா இருக்கு?"

இப்படி ஒரு பதில் வரும் என்று அம்மா தயாராகி வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சாரல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"நாங்களும் மூத்தவளுக்கு ஒரு இடம் பாக்கிறம்" என்றார். "பொடியன் நல்லவர் எண்டு கேள்வி. தாயைப் பற்றித்தான் ஒண்டும் தெரியேல்ல."

"தாய் கொஞ்சம் வாய்க்காரின்னு சொல்லுவாங்க."

"அது பரவாயில்லை. எங்கட வீட்டிலயும் ஒராள் இருக்கிறா" என்று அம்மா என்னைக் காட்டினார். அந்தத் தறப்பாளின் கீழ் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

இதே நேரம் வரிசையில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள்.

"நீங்களும் ஏறப் போறீங்களா?" என்று அவர்தான் முதலில் கேட்டிருக்கிறார்.

"ஓம். நிண்டு நிண்டு கால் நோகுது. ஏறினா இருக்கலாம்."

"இருக்க விடாது போலங்க."

அக்கா சிரித்திருக்கிறாள். பிறகு சுற்றி வளைக்காமல், "ஒண்டு கேக்கட்டோ? ஆரெண்டு தெரியாத மாதிரியே பதில் சொல்லுங்கோ" என்றிருக்கிறாள். அவர் தலையாட்டியிருக்கிறார். "இரவு வேலை செய்யிற ஒரு பொம்பிளையை ஒருத்தர் கட்டினா, அவருக்கு என்ன பிரச்சினை வரும்?"

மாட்டிலிருந்து இரண்டு பேர் விழும் வரை அவர் யோசித்தாராம்.

"அவருக்கு ஒண்ணும் வராதுங்க. அவங்களுக்குத்தான் வரும். பகல்ல தூங்கணும்ல. எங்க வீட்டுக்கு ஒட்டுனாப்ல ஒரு வெல்டிங் கட இருக்கு. காலையில தொறந்தா அந்திவரைக்கும் இரும்பு வெட்டுவாங்க. எங்கம்மா காதுல பஞ்சு வச்சிக்கிட்டுத்தான் தூங்குவாங்க. அது பத்தாது."

"பத்தாதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"படுத்துப் பாத்தேன். லீவு போட்டு, பஞ்சு வச்சி."

"எப்ப?"

"போன வாரம்."

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் இரவைப் பற்றித்தான் கேட்டார்கள். அவளுடைய பகலைப் பற்றி யோசித்தவர் இவர்தான். அதுவும் யோசித்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்திருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. மாட்டை இயக்குபவர் அவரைச் சிங்களத்தில் தம்பியாக்கி, "மல்லி, கண்ணாடி" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடியோடு ஏற விடமாட்டார்கள். அவர் கழற்றினார், தாய் நின்ற பக்கம் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. கண்ணாடி இல்லாமல் தறப்பாள்வரை அவருக்குத் தெரிந்திருக்காது. அப்படியே திரும்பி அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கித் தன் துப்பட்டாவில் மழைத்துளியைத் துடைத்து, மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தறப்பாளின் கீழிருந்து நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். இனி யாரும் சோளப் பானையைப் பார்க்க முடியாது.

"உங்கட மகன்ட கண்ணாடியை எங்கட மகள் வச்சிருக்கிறா" என்றார் அம்மா.

"ஆமாங்க" என்றார் அவர். "பத்திரமா வச்சிருக்கு புள்ள."

அவ்வளவுதான். இருவரும் ஒரே குடைக்குள் கூடாரத்துக்கு நடந்தார்கள். மிஞ்சிய குடைகளோடு பின்னால் நான் நடந்தேன்.

மாடு அரைச் சுற்றுச் சுற்றியதும் மகன் விழுந்தார். கண்ணாடி இல்லாததால் எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் மெத்தையின் மறுகரைக்குத் தவழ்ந்து போனார். அக்கா கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, தன் கைப்பையையும் குடையையும் அவர் கையில் திணித்துவிட்டு ஏறினாள். "ஹரித, நங்கி?" என்று இயக்குபவர் சிங்களத்தில் தயாரா தங்கச்சி எனக் கேட்க, அவள் தலையாட்டினாள். அவரைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாள். விழுந்தது அழகாக இல்லை. "கெட்டியாப் புடிக்குது புள்ள" என்றார் அவருடைய தாய், அம்மாவின் கையைப் பிடித்தபடி.

நாங்கள் ஐவரும் நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா வந்து சேர்ந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் நாலாபுறமும் சொட்ட, இரண்டு கைகளையும் விரித்து, காரில் பழகியதைக் குறையில்லாமல் சொன்னார்.

"அட, இதென்ன, நீங்கள் இவடத்தில? எதிர்பார்க்கவே இல்லை."



"நாங்களும் எதிர்பாக்கவே இல்லங்கய்யா" என்றார் அந்தத் தாய், மிகுந்த மரியாதையோடு. சந்திப்பு அந்த நொடியில்தான் தொடங்கியது என்று அப்பா இன்றும் நம்புகிறார்.

எல்லோரும் பால் விடாத பிளேன்டித் தேத்தண்ணி குடித்தோம். மழையில் நின்ற அந்த நேரத்தைப் பற்றிக் கதை வந்தது. "மாப்பிள்ளை வீடு முதல் கதைக்கட்டும் எண்டு நிண்டம்" என்றார் அம்மா.

"நாங்க முந்திக்கிட்டுப் போனா, தோட்டத்து ஆளுங்க அலையிறாங்கன்னு யாழ்ப்பாணத்து ஆளுங்க நீங்க நெனைப்பீங்களோன்னு நின்னோம்" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "பிழை எங்களிலதான். நாங்கள் வந்திருக்க வேணும்" என்றார். இதை அவர் காரில் பழகியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது களனிப் பாலத்தில் வாகனங்கள் அசையாமல் நின்றன. அம்மா மெதுவாகக் கேட்டார். "கேட்டனியோ?"

"கேட்டன்."

"என்னவாம்?"

"பக்கத்தில வெல்டிங் கடையாம். பகலில நித்திரை கொள்ளேலாதாம்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அக்கா முழுவதையும் சொன்னாள், பஞ்சு வரைக்கும். முன் இருக்கையில் அப்பா திரும்பி, "அப்ப பிரச்சினை வெல்டிங் கடை மட்டும்தானோ?" என்றார்.

"ஓம் அப்பா."

"கடையை மாத்தேலாது. வீட்டை மாத்தலாம்" என்றார் அப்பா. கார் நகரத் தொடங்கியது.

இன்றைய நிலை இது. ஜாதகம் பார்த்தாயிற்று, சுமாரான பொருத்தம், யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கலியாணப் பதிவைத் தை மாதத்தில் வைப்பதாக இரண்டு வீட்டிலும் சம்மதம். அக்காவின் டியூட்டியில் எந்த மாற்றமும் இல்லை, இந்த வாரமும் இரவு. களுபோவில பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். மாப்பிள்ளையின் தாயும் கூட வந்து இருக்கப் போகிறார், ஆகவே மூன்று அறை வேண்டும். வீடுகளைப் பகலில் மட்டுமே போய்ப் பார்க்கிறார்கள். அக்கா வீட்டுச் சொந்தக்காரரோடு வெளியே கதைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார். ஒரு வீட்டுக்குப் பின்னால் மரம் அரியும் ஆலை இருந்தது. இன்னொன்றுக்கு மேல் மாடியில் நடன வகுப்பு. ஒன்று நல்ல அமைதி, ஆனால் இரண்டு அறைதான். வீடு இன்னும் கிடைக்கவில்லை.